பதினோராம் மாடி

பத்து மாடி ஆபீஸ் கட்டடத்தின் உச்சியில், அடுத்த மாடிக்கென்று விட்டுவைத்த கம்பி ஒன்று மேகங்களோடு பேசிக்கொண்டு நின்றது. அதன் அடியில் ஒரு காக்கை கூடு கட்டிக் குஞ்சு பொரித்திருந்தது.

“பதினோராம் மாடி எப்ப வரும், அண்ணே?” என்று காக்கை தினமும் பயந்து பயந்து கேட்கும்.

“நாளைக்கே வரலாம். நான் தூணாகப் போறேனாக்கும்” என்று கம்பி கனவில் மிதக்கும். காக்கைக்கு அன்றைய தூக்கமும் போய்விடும்.

ஒருநாள் இன்ஜினீயர் நிஜமாகவே மேலே வந்துவிட்டார். காக்கை சிறகை விரித்துக் குஞ்சுகளை மூடியது. “இதுகளுக்கு இன்னும் இறகே முளைக்கலையே, அண்ணே.”

அவர் கம்பியைத் தட்டிப் பார்த்தார். கம்பி ஒருமுறை மேகத்தை அண்ணாந்து பார்த்தது. பிறகு உடம்பைத் தளர்த்தி, துருவையெல்லாம் பொலபொலவென்று உதிர்த்தது.

“இது தேறாது” என்று அவர் இறங்கிப் போனார்.

மறுநாளும் காக்கை பழக்கத்தில் கேட்டது: “எப்ப வரும், அண்ணே?”

“நாளைக்குத்தான்” என்றது கம்பி.

காக்கை நிம்மதியாகக் கண்ணை மூடியது.