பச்சைத்தண்ணி

“உங்க பச்சைச் சாயத்துல ஒரு டம்ளர் கொண்டாங்க பாய்” என்றேன்.

தாவூது பாய் அசையவில்லை. ஏரிக்கரையில் நின்ற கூட்டம் அவரையே பார்த்தது.

மொரப்பூர் பக்கத்து அந்தச் சின்ன ஏரி மூன்று வாரமாக மருதாணி அரைத்துக் கரைத்தாற்போலப் பச்சையாகக் கிடந்தது. தண்ணீர் குடித்த இரண்டு ஆடுகள் செத்துப்போயின. ஏரிக்கு வரும் வாய்க்காலின் மேல்பக்கம் பாயின் சாயப்பட்டறை. தறிக்காரர்களின் நூலுக்குச் சாயம் போட்டுக் கொடுப்பவர்.

ஊருக்கு அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை.

ஊர்ப் பெரியவர் காளியப்பன் கையில் கடப்பாரை இருந்தது. பட்டறையை இடித்து, பாயைக் குடும்பத்தோடு கிளப்பிவிடுவது என்று காலையிலேயே முடிவாகியிருந்தது.

நான் வந்தது நாலு பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போக. தருமபுரியில் தண்ணீர்ப் பரிசோதனை வேலையில் சேர்ந்து ஐந்து மாதம். தனியாக வந்தது அன்றுதான் முதல் தடவை. முடிவு வரப் பத்து நாளாகும் என்றேன்.

“பத்து நாளெல்லாம் ஆவாதுங்க மேடம். இப்பவே சொல்லுங்க” என்றார் காளியப்பன், கடப்பாரையைத் தரையில் குத்தி.

என் பெட்டியில் இரண்டு கண்ணாடிப் புனலும் கொஞ்சம் வடிதாளும் இருந்தன.

சாயம் தண்ணீரில் கரைந்திருக்கும். தாளைத் தாண்டி இறங்கிவிடும். பாசி என்றால் தாளிலேயே தங்கிவிடும். புத்தகத்தில் படித்தது அவ்வளவுதான். இந்த ஏரியில் இருப்பது எது என்று எனக்கே தெரியாது.

பாய் ஒருவழியாகப் போய் டம்ளரோடு வந்தார். வழியிலேயே பாதிச் சாயத்தை லுங்கியில் சிந்தியிருந்தார். கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் புனலில் அதை ஊற்றினேன். கீழே வைத்த கண்ணாடிக் குவளையில் பச்சையாகவே இறங்கியது.

“பாத்துக்குங்க. சாயம்னா இப்படித்தான் எறங்கும்.”

இரண்டாவது புனலில் ஏரித் தண்ணீர்.

ஒன்றும் இறங்கவில்லை.

தாளின் நுனி மெல்ல நனைந்தது. ஒரு சொட்டு திரண்டு அங்கேயே தொங்கியது. காளியப்பன் முட்டி போட்டு உட்கார்ந்தே விட்டார்.

விழுந்தது.

அப்புறம் இன்னொன்று.

ஒரு விரற்கடை சேர்ந்ததும் குவளையை வெயிலில் தூக்கிப் பிடித்தேன். அதற்கு அந்தப் பக்கம் காளியப்பனின் மீசை முடி முடியாகத் தெரிந்தது.

“அட, பச்சைத்தண்ணி!” என்று கத்தினாள் குள்ளம்மாள். செத்த ஆடுகள் அவளுடையவை.

எந்தப் பச்சையைச் சொல்கிறாள் என்று ஒரு கணம் யாருக்கும் விளங்கவில்லை. பிறகு யாரோ களுக்கென்றார்கள். அவ்வளவுதான், கரை முழுக்கச் சிரிப்பு.

தாளை விரித்தேன். பச்சை மொத்தமும் வழவழவென்று அதில் ஒட்டியிருந்தது. “சாயமில்லீங்க, பாசி” என்றேன். பாய் அதைக் கையில் வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

“இந்தப் பச்சை மட்டும் எனக்கு வந்திருந்தா, இந்நேரம் சேலத்துல மாடி வூடு கட்டியிருப்பேனே!”

சொல்லிவிட்டுக் காளியப்பனை அப்படியே இடுப்போடு தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். கடப்பாரை ஒரு பக்கம் விழுந்தது, துண்டு ஒரு பக்கம். “வுடு பாய், தல சுத்துது, வுடுய்யா!” என்று காளியப்பன் கத்தக் கத்த இன்னொரு சுற்று.

எல்லோருக்கும் வடிகட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. என் தாள்கள் தீர்ந்ததும் பெண்கள் முந்தானையை நாலாக மடித்துப் பிடித்தார்கள். ஆளாளுக்கு “எனக்கும் பச்சைத்தண்ணி!” என்று கூவல். பாய் குவளையை வாயருகே கொண்டுபோக, நான் பாய்ந்து பிடுங்கினேன்.

“வடிகட்டினாலும் பாசியோட விஷம் போகாதுங்க! ஏரி தெளியற வரைக்கும் ஆடு மாட்டைக்கூட எறக்காதீங்க.”

பாசி ஏன் வந்தது என்று கேட்டார்கள். தண்ணீர் குறைந்துபோனது, இந்த வெயில், வயல்களிலிருந்து வழிந்து வரும் யூரியா என்றேன்.

“அப்ப மொதல்ல இடிக்க வேண்டியது எங்க வூட்டையா?” என்றார் காளியப்பன். மறுபடியும் சிரிப்பு. என் வயிறு வலித்தது. ஆபீஸில் ஐந்து மாதத்தில் நான் அப்படிச் சிரித்ததில்லை.

பஸ் நிறுத்தம் வரை பாய்தான் என் பெட்டியைத் தூக்கி வந்தார். வழியெல்லாம் தானாகச் சிரித்துக்கொண்டே வந்தவர், புளியமரத்தடியில் நின்றதும் நிறுத்தினார்.

“மேடம், நெசமாவே நான் இல்லதானுங்களே?”

“அதான் எல்லாரும் பாத்தாங்களே பாய்.”

அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை தொழுதுட்டு வர்றேன், பச்சைச் சாயத் தொட்டி வெடிச்சு, அத்தனையும் வாய்க்கால்ல போயிருக்கு. ஒருத்தரும் பாக்கல. அன்னைக்கே சிமெண்ட் பூசிட்டேன். நாலாம் நாள் ஏரி பச்சையாயிடுச்சுங்க. வூட்டுலகூடச் சொல்லல.”

பெட்டியை அவர் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தேன்.

ஒரு தொட்டிச் சாயம் ஓர் ஏரித் தண்ணீரில் அன்றைக்கே காணாமல் போயிருக்கும் என்று மெதுவாக எடுத்துச் சொன்னேன். ஆடுகள் செத்ததும் பாசி விஷத்தால்தான் இருக்கும் என்றேன். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“இன்னொருக்கா சொல்லுங்க.”

சொன்னேன். தருமபுரி பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அவர் இன்னும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பஸ் நகர்ந்தது.

தலையை வெளியே நீட்டினேன்.

“நீங்க இல்ல!” என்று கத்தினேன். “பாய்! நீங்க இல்லவே இல்ல!”

மொத்த பஸ்ஸும் என்னைத் திரும்பிப் பார்த்தது.