தூங்காத வண்டி

காரின் விளக்குகள் ஒருமுறை சிமிட்டி அணைந்தன. கொட்டகையில் யாருமில்லை. கொடியில் துணி எடுக்க வந்தவளின் கையிலிருந்து வாளி நழுவி விழுந்தது.

அது அவள் கணவன் வேலை முடிந்து வீடு திரும்பும் நேரம். போன மழைக்காலத்தில் ஒருநாள் அலுவலக நாற்காலியிலேயே மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவன்தான், அப்புறம் எழவில்லை. அவனுடைய வண்டி மட்டும் இப்போது சாயங்காலமானால் அவளைப் பார்த்துக் கண் சிமிட்டியது. காலையில் போய்ப் பார்த்தால், ஸ்டார்ட் ஆகாத அளவுக்குப் பேட்டரி இறங்கிக் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவள் அண்ணன் இருக்கும் ஊருக்குக் கிளம்ப வேண்டும். அங்கே வேலை தயார், வீடு தயார். வண்டியை விற்பதுதான் பாக்கி. வாங்க வந்தவர் இரண்டு தடவையும் ஸ்டார்ட் பட்டனை அமுக்கி அமுக்கிப் பார்த்துவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டு போய்ச் சேர்ந்தார்.

அவர் போனதும் தனக்கு ஏன் நிம்மதியாக இருந்தது என்று அவளுக்கே புரியவில்லை. செத்துப்போன மனுஷன்தான் போகாதே என்கிறாரோ? அந்த நினைப்பு வந்ததிலிருந்து பெட்டியில் ஒரு புடவைகூட மடித்து வைக்கக் கை ஓடவில்லை.

மனசு கேட்காமல் மாமியாரிடம் சொன்னாள். கொட்டகையை ஒட்டிய அறையில், ஜன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார் அந்த அம்மாள். வழக்கம்போல மகனின் கைக்குட்டையை உள்ளங்கையில் பொத்தி வைத்திருந்தார். ஆஸ்பத்திரியில் கொடுத்த பொருட்களில் அவர் கேட்டு எடுத்துக்கொண்டது அது ஒன்றைத்தான், துவைக்கக்கூடத் தந்ததில்லை.

"வண்டியைப் பத்தி எனக்கென்ன தெரியும்? நீ கிளம்பற வழியைப் பாரு. நீ இருந்து எனக்கு ஆகப்போறது ஒண்ணுமில்ல."

இதற்கெல்லாம் அவள் வருத்தப்படுவதை நிறுத்திப் பல வருஷமாகிறது. கல்யாணமாகி வந்த நாளாக அந்த வாயிலிருந்து ஒரு நல்ல சொல் உதிர்ந்ததில்லை. 'இன்னிக்கு உப்பு பரவாயில்ல' என்பதுதான் கிடைத்ததிலேயே பெரிய பாராட்டு. அவள் போனபிறகு முதியோர் இல்லத்தில் சேர்ந்துகொள்வதாகவும் மாமியாரே முந்திக்கொண்டு சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை கார் எலக்ட்ரீஷியன் வந்தார். பேட்டரி புதுசு, ஒயரிலும் கோளாறில்லை. வீட்டிலிருந்த சாவியை வாங்கிக்கொண்டு போய், தெருமுனையில் நின்ற தன் பைக்கில் வைத்துவிட்டு வந்து பேட்டரியில் மாட்டியிருந்த மீட்டரை மறுபடி பார்த்தார். வண்டி கரண்டை இழுப்பது நிற்கவில்லை.

"இன்னொரு சாவி எங்கக்கா?"

"அது அன்னிக்கே தொலைஞ்சு போச்சு. அவர் பையிலதான் இருந்துச்சு."

"தொலையல. இங்கதான் எங்கயோ பக்கத்துல இருக்கு. சாவி கிட்ட இருந்தா இந்த வண்டி தூங்காது. ஓனர் வந்துட்டார்னு முழிச்சுக்கிட்டே கிடக்கும். பேட்டரி எப்படித் தாங்கும்?"

அவள் திரும்பிப் பார்த்தாள். காருக்கு இரண்டடி தள்ளி மாமியாரின் ஜன்னல் திறந்திருந்தது.

அறைக்குள் போனபோது மாமியார் கண்ணயர்ந்திருந்தார். அந்தச் சுருங்கிய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். அழுக்கேறிய கைக்குட்டைக்குள் கறுப்பாகச் சாவி இருந்தது. கட்டை விரல் பட்டுப் பட்டு, பட்டனின் மேலிருந்த படம் அழிந்தே போயிருந்தது.

அவளுக்குக் கோபம் வரவில்லை. பெற்றவள் அல்லவா? பிள்ளையின் வண்டி தினமும் ஒரு தடவை கண் சிமிட்டுவதைப் பார்த்து ஆறுதல் தேடியிருக்கிறாள், பாவம் என்று தோன்றியது. இந்த மனுஷியிடம் இதைக்கூடப் பிடுங்கிக்கொண்டு போக வேண்டுமா?

மாமியார் விழித்துக்கொண்டார். சாவி கைமாறியிருப்பதைப் பார்த்தார்.

"உங்க பிள்ளை ஞாபகத்துக்கு வச்சுக்கிட்டீங்களா அத்தை? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

அந்த அம்மாள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அங்கிருந்து குரல் மட்டும் வந்தது.

"அவன் இங்கதான் இருக்கான்னு நெனச்சாலாவது, நீ போகமாட்டேன்னு பார்த்தேன்."