விளக்கின் சூடு

வெயிலில் விளக்குக் கண்ணாடி சுட்டு பத்துமலையின் விரல் ஏமாந்துவிடக் கூடாதென்று உடையப்பன் ஜன்னல் திரையை இழுத்துவிட்டிருக்கிறான். அரையிருட்டில் புதிய டெலிபோன் சுவிட்ச்போர்டின் எட்டு விளக்குகளில் ஒன்று மட்டும் சிவப்பாகச் சிமிட்டுகிறது. பழைய பலகையில் போன் வந்தால் அந்த லைனின் தகடு டக்கென்று விழும். சத்தத்தை வைத்தே எந்த லைன் என்று ஆப்பரேட்டர் பத்துமலை சொல்லிவிடுவார். பதினொரு வருடம் அப்படித்தான் ஓடியது. பார்வையில்லாத அவருக்கு இந்தப் புதிய மெஷின் ஒத்துவருமா என்று சோதித்து எழுத, மலேசியாவின் ஈப்போ நகரிலுள்ள இந்த ஆபீசுக்கு உடையப்பனை அனுப்பியிருக்கிறார்கள். பக்கத்து மேசைப் போனிலிருந்து அவன்தான் அழைக்கிறான். புதியதில் எல்லா லைனுக்கும் ஒரே மணிச்சத்தம்.

"வெளக்கு எரிஞ்சா கண்ணாடி சுடும் தம்பி. அத வச்சே புடிச்சிருவேன், கொஞ்சம் பொறுங்க லா."

பத்துமலையின் கறுப்புக் கண்ணாடியில் சிவப்பு மினுங்குகிறது. விரல்கள் மூன்று விளக்கு தள்ளித் தடவிக்கொண்டிருக்கின்றன. மணி இருபது முறைக்கு மேல் அடித்தாகிவிட்டது. வெளியாள் யாரும் இவ்வளவு நேரம் காத்திருக்க மாட்டார்கள். உடையப்பன் ரிசீவரை வைக்கிறான். மணி நிற்கிறது.

"போதும்ணே."

"இன்னொரு தடவ அடிங்க தம்பி. இந்த வேல போச்சுன்னா மறுபடி பிரம்பு நாற்காலி பின்னத்தான் போணும்."

இதுவே ஆறாவது தடவை. உடையப்பன் சோதனைப் படிவத்தை மடியில் வைத்து, சத்தம் வராதபடி பேனாவை அழுத்தாமல் குறியிடுகிறான். விளக்குகளைத் தடவிக்கொண்டிருந்த பத்துமலையின் கை அப்படியே நிற்கிறது.

"சரின்னு குறி போட்டா ஒரே இழுப்புதானே தம்பி? ரெண்டு தடவ கீறுன சத்தம் கேட்டுச்சே."