பிரஷாந்தினி கொடுத்த பேட்டி

தொலைக்காட்சிக்காரர்கள் அரை மணிநேரம் முன்னதாகவே வந்துவிட்டார்கள்.

கடைக்காரி அக்னெஸ் இன்னும் வந்து சேரவில்லை. சோளமா மூட்டையோடு அவளுடைய வான் நெடுஞ்சாலையில் நின்றுபோயிருந்தது.

கோட்-டெ-நெய்ஜ் மெட்ரோ ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மொஹாக் பூர்வகுடிப் பெண் சொந்தமாக உணவுக்கடை திறக்கிறாள் என்று கேள்விப்பட்டுத்தான் அவர்கள் வந்திருந்தார்கள்.

கடையில் இருந்தது சமையலுக்கு உதவும் பிரஷாந்தினி மட்டும். யாழ்ப்பாணத்துக்காரி. மாநிறம், நீளப் பின்னல். திறப்பு நாளுக்குப் போடு என்று அக்னெஸ் கொடுத்த மொஹாக் பாசிமணித் தோடுகள் தோள்வரை தொங்கின.

நிருபர் இளைஞன். அவளைக் கண்டதும் நெஞ்சில் கைவைத்துக் குனிந்தான்.

இது உங்களுடைய இடமா என்று பிரெஞ்சில் கேட்டான். வேலை செய்யும் இடத்தைக் கேட்கிறான் என்று நினைத்து, "உய்", ஆம், என்றாள். அரசாங்க வகுப்பில் படித்த பிரெஞ்சு அவளுக்குச் சின்னச் சின்ன வசனமாகத்தான் வரும்.

பெயரைக் கேட்டான். பொருளையும் கேட்டான். அமைதி என்றாள். அவன் கமராக்காரியைத் திரும்பிப் பார்த்து மெல்லத் தலையசைத்தான்.

பிள்ளைகளுக்கு உங்கள் மொழி தெரியுமா?

விளங்கும், ஆனால் பிரெஞ்சில்தான் பதில் சொல்லுவார்கள் என்றாள். நிருபர் ஒரு கணம் கண்களை மூடிக்கொண்டான்.

பிறகு குரலைத் தாழ்த்தினான். தொண்ணூறாம் ஆண்டு கோடையில் ராணுவம் வந்தபோது உங்களுக்கு என்ன வயது?

பிரஷாந்தினி திகைத்துப்போனாள். யாழ்ப்பாணத்தில் நடந்தது இந்தப் பொடியனுக்கு எப்படித் தெரியும்? இந்த நாட்டில் இதுவரை ஒருவரும் அவளிடம் அதைக் கேட்டதில்லை.

பத்து வயது என்றாள். அடுப்பில் சோறு கொதித்தது. அம்மா நெருப்பை அணைத்தார். பானையை இறக்கவில்லை. பின்னேரம் திரும்பிவிடலாம் என்று நினைத்தோம். காணி இன்னும் ராணுவத்திடம்தான் இருக்கிறது.

கமராக்காரி மூக்கை உறிஞ்சினாள்.

அக்னெஸ் மூட்டையைச் சுமந்துகொண்டு வந்தபோது அவர்கள் போய்விட்டிருந்தார்கள். எல்லாம் நன்றாகவே நடந்தது என்று பிரஷாந்தினி சொன்னாள். அப்போது அவள் அப்படித்தான் நம்பினாள்.

மத்தியானம் கணவன் சிவநேசம் தொலைபேசியில் வந்தான்.

"இஞ்சாரும், நீர் எப்ப தொடக்கம் மொஹாக்?"

இணையத்தில் அவள் முகம். அதற்குக் கீழே 'பிரஷாந்தினி, மொஹாக் உரிமையாளர்' என்று பெரிய எழுத்தில்.

"ஐயோ, நான் ஒரு பொய்யும் சொல்லேல்லையப்பா. அவன் கேட்டதுக்கு உள்ளதைத்தான் சொன்னனான்."

அதற்குள் அக்னெஸின் தொலைபேசியும் ஓயாமல் அடிக்கத் தொடங்கியது. ஆற்றுக்கு அக்கரையில், அவளுடைய ஊரான கானவாகேயிலிருந்து மாமிமார். யார் வீட்டுப் பிள்ளை இவள், ஊரில் எல்லோரையும் தெரிந்த எங்களுக்கே தெரியவில்லையே என்றார்கள். வேறொரு மொஹாக் ஊர்க்காரியாக இருக்கும் என்று ஒரு மாமி தானே முடிவுகட்டி, வருகிற ஞாயிறு சாப்பாட்டுக்குக் கூட்டிவரச் சொன்னாள்.

அக்னெஸ் இந்த ஒரு நாளுக்காக எத்தனை பாடுபட்டாள் என்று பிரஷாந்தினிக்குத் தெரியும். அந்த நாளைத் தான் தட்டிப் பறித்ததுபோல் இருந்தது. தோடுகளைக் கழற்றி மேசையில் வைத்தாள். வேலை போய்விட்டது என்றே நினைத்தாள்.

அக்னெஸ் காணொளியைப் போட்டாள்.

பெயரின் பொருள் வந்த இடத்தில் சிரிக்கத் தொடங்கியவள், பிள்ளைகள் பிரெஞ்சில் பதில் சொல்லும் இடத்தில் நிற்க முடியாமல் மா மூட்டையின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

தொண்ணூறு வந்தது. சிரிப்பு நின்றது.

அந்த இடத்தை மறுபடியும் போட்டுக் கேட்டாள்.

"உனக்குப் பத்து வயதா?" என்றாள். "எனக்கு ஏழு."

அவள் சொல்லச் சொல்லத்தான் பிரஷாந்தினிக்கு நிருபரின் கேள்வி விளங்கியது. அதே கோடையில் இங்கேயும் நிலத்துக்காக மொஹாக் ஊர்களில் வீதி மறியல், இங்கேயும் ராணுவம். பெண்களையும் பிள்ளைகளையும் கார்களில் ஏற்றி ஊரைவிட்டு அனுப்பியபோது, ஆற்றுப் பாலத்தின் இந்தக் கரையில் சனம் கூடி நின்று கல்லெறிந்தது. அம்மா அக்னெஸைக் காரின் தரையில் படுக்கவைத்துக் கம்பளியால் மூடினாள்.

"இந்த நாட்டிலா?" என்று பிரஷாந்தினி கேட்டாள்.

"இதே நகரத்தில்."



மறுபடி தொலைபேசி. இம்முறை தொலைக்காட்சி நிலையம். மாமிமாரில் யாரோ அங்கேயும் அழைத்து விசாரித்திருக்க வேண்டும். பெரிய தவறு நடந்துவிட்டது, மிகவும் வருந்துகிறோம், காணொளியை உடனே எடுத்துவிடுகிறோம் என்றான் நிருபர். அழுதுவிடுவான் போலிருந்தது.

"வேண்டாம், வேண்டாம்," என்றாள் அக்னெஸ். "உரிமையாளர் என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள். மற்றதெல்லாம் சரி."