எழுபது சதவீதம்

தங்கையின் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்குள் அண்ணன் புயலாக நுழைந்தான். சாயங்காலத்துக்குள் கட்டட வரைபடத்தை அனுப்பாவிட்டால் அவனுடைய கான்ட்ராக்ட் கைநழுவிப் போய்விடும்.

“மூணு நாளா என்னோடதைக் கிடப்புல போட்டுட்டு, ஊரான் கம்ப்யூட்டரை நோண்டிக்கிட்டு இருக்கியா?”

மேசையில் ஒரு கம்ப்யூட்டர் மூடி கழற்றப்பட்டுக் கிடந்தது. திரையில் எழுபது சதவீதம் என்று ஓடியது.

“தொடாதேண்ணா! பயாஸ் அப்டேட் ஓடுது. இப்ப கரண்ட் போனா மதர்போர்டே செத்துடும். நான் சொல்றதைக் கொஞ்சம்...”

“வாயை மூடு! எவனோடது செத்தா எனக்கென்ன? முதல்ல என்னோடதை எடு!”

பிளக்கைப் பிடுங்கி எறிந்தான். திரை இருண்டது.

தங்கை நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

“தாராளமா எடுத்துட்டுப் போ. அஞ்சு வருஷத் தூசியைத் துடைச்சதும் உன் கம்ப்யூட்டரே உனக்கு அடையாளம் தெரியலையா?”