அடுத்த மனை

மெய்நிகர் நகரில் மனை வாங்கி, மயில்நீலக் கதவு வைத்து அன்புக்கரசி தானே வீடு கட்டினாள். அங்கே யாரும் விரும்பிய உருவம் எடுக்கலாம், பறக்கலாம். அடுத்த மனைக்காரர் சபேசன் வெள்ளைக் கொக்காக வந்து கதவைப் பாராட்டினார்.

“சொந்த ஊரு எதும்மா?”

“திண்டிவனம் பக்கம் ஒரு கிராமம்.”

“ஊருக்குள்ளயா, காலனியா?”

“காலனி. அதுக்கென்ன இப்ப?”

“சும்மா கேட்டேன்.”

கொக்கு பறந்து போனது.

மறுநாள் இரண்டு மனைகளுக்கும் நடுவே கறுப்புச் சுவர் நின்றது. ‘பாதுகாப்புக்காக’ என்று அதில் எழுதியிருந்தது. தாண்டிப் பறக்கப் பார்த்தாள். அவள் உயர உயரச் சுவரும் உயர்ந்தது.

மெய்நிகர்க் கண்ணாடியைக் கழற்றிக் கட்டிலில் எறிந்தாள்.

“என்னாச்சு?” என்றான் கணவன்.

“நம்ம ஊர்ல அவனுங்க கட்டுன செவுத்துக்கு மேல வானமாவது தெரிஞ்சுது.”