காலி சீட்டோடு கிளம்பிய விமானம்

"எடை கூடிப்போச்சு சார். உங்களை ஏத்த முடியாது."

எடை மேடையில் நின்ற தையல்காரர் தன்னையே ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார். குட்டி விமானம் என்பதால் இந்தத் தீவில் பெட்டியோடு ஆளையும் எடை போட்டுத்தான் ஏற்றுவார்கள். ஆனால் இவரோ பலமாகக் காற்றடித்தால் பறந்துவிடுகிற தேகம்.

"ஐம்பது கிலோகூட இருக்க மாட்டேம்மா. பையில ஒரே ஒரு சட்டைதான்."

கவுண்டர் பெண் நிமிரவில்லை. சற்று முன்புவரை கலகலவென்று பேசிக்கொண்டிருந்தவள்தான். ஒரு போன் வந்தது. அதைக் கேட்டு வைத்ததிலிருந்து இப்படி இருக்கிறாள்.

"எங்கப்பாவைப் பக்கத்துத் தீவு ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கோம். மூச்சு இழுத்துக்கிட்டு இருக்கு, உடனே கிளம்பி வான்னு கூட இருக்கிற தங்கச்சி காலையில சொன்னா. இப்ப போனை எடுக்க மாட்டேங்கிறா. இருபத்தஞ்சு நிமிஷத்துல போற தூரம்மா. கப்பல்னா நாளைக்குத்தான். நின்னுக்கிட்டேகூட வர்றேன்."

"உக்காருங்க சார்."

விமானம் கிளம்பியது. கண்ணாடி வழியே பார்த்தார். ஜன்னலோரம் மூன்று சீட் காலியாக இருந்தன. விறுவிறுவென்று கவுண்டருக்குத் திரும்பினார்.

"எந்தப் பெரிய மனுஷனுக்கு ஒதுக்கி வச்சே? எங்கப்பா முகத்தை உயிரோட பாக்க விடாமப் பண்ணிட்டியே. உனக்கெல்லாம் மனசாட்சி இருக்கா?"

சத்தம் போட்டால் பத்துப் பேர் கூடுகிற இடம் அது. இன்று ஒருவர்கூட வரவில்லை. டீக்கடைக்காரர் எழுந்து டிவியை அணைத்தார். சுமை தூக்குகிறவர்கள் வண்டி எதுவும் தள்ளாமல், தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி ஓடுபாதை ஓரத்தில் போய் வரிசையாக நின்றார்கள்.

அறிவிப்புப் பலகையைப் பார்த்தார். சாயங்காலம்வரை எந்த விமானமும் வருவதாக இல்லை. ஆனாலும் அத்தனை பேரும் கடலுக்கு மேலே வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னம்மா நடக்குது இங்க?"

அவள் வாசலையே பார்த்தாள்.

வாசலில் ஒரு கார் வந்து நின்றது. வீட்டில் விட்டுவிட்டு வந்த மனைவி இறங்கி வந்து, அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"நீ எதுக்கு வந்தே?"

"இந்தப் பொண்ணுதான் போன் பண்ணி வரச் சொல்லுச்சு."

தூரத்தில் விமானச் சத்தம் கேட்டது. அப்போதுதான் கவுண்டர் பெண் எழுந்து வந்தாள். கண்கள் சிவந்திருந்தன.

"அண்ணி வர்ற வரைக்கும் சொல்லிடாதீங்க, அண்ணன் தனியா தாங்க மாட்டாருன்னு உங்க தங்கச்சி போன்ல அழுதாங்க சார். உங்களை ஏத்தி அனுப்பியிருந்தா, நடுக்கடலுக்கு மேல நீங்களும் உங்கப்பாவும் ஒருத்தரை ஒருத்தர் தாண்டிப் போயிருப்பீங்க."